குழந்தைக்குக் கழுத்தெலும்பு ஆபரேஷன்: டாக்டர்களுக்கு ஐந்து ஸ்டார், டிஸ்சார்ஜ் கவுண்டருக்கு இரண்டு

சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் செய்த டாக்டர்களுக்கு ஐந்துக்கு ஐந்து. மயக்க மருந்து டீமுக்கு ஆறு கொடுக்க வழியிருந்தால் கொடுப்பேன். வார்டு சிஸ்டர்களுக்கு நாலு. பில்லிங், இன்சூரன்ஸ் டெஸ்க், டிஸ்சார்ஜ் மூன்றுக்கும் சேர்த்து இரண்டு, அதிலும் ஒன்று அங்கே ஒரு பெண் மட்டும் நிமிர்ந்து முகம் பார்த்துப் பதில் சொன்னதற்காக.

ஆஸ்பத்திரி பெயரைப் போடப்போவதில்லை. குறையும் எழுதப்போகிறேன், பெயரோடு எழுதினால் அவர்களுக்கும் எனக்கும் வீண் தகராறு. தவிர, இதைப் படிக்கிறவர் எந்த ஊரிலும் இருக்கலாம், குழந்தையின் கழுத்தில் கத்தி வைக்கிற இடம் எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்தால் போதும், எந்தக் கட்டடம் என்பது முக்கியமில்லை. தனியார், பெரிய ஊர், முதுகெலும்புக்குத் தனிப் பிரிவு, குழந்தைகளுக்குத் தனி ஐ.சி.யூ. இவ்வளவு தெரிந்தால் போதும்.

யாருக்கு ஆபரேஷன் என்றால் என் அக்கா மகளுக்கு. இரண்டாம் வகுப்பு. மச்சான் திருப்பூரில் வேலை, லீவு போட்டால் சம்பளம் போச்சு, அதனால் அக்காவும் நானும்தான் அலைந்தோம். நான் தேனிப் பக்கம் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். டாக்டர் இல்லை, ஆனால் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்கிறார்களா, கடனுக்குச் செய்கிறார்களா என்று பார்த்தால் தெரியும்.

ஆரம்பம் ரொம்பச் சாதாரணம். பாப்பா கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தே வைத்திருந்தாள். கூப்பிட்டால் தலையைத் திருப்ப மாட்டாள், உடம்போடு திரும்புவாள். சாயங்காலம் லேசாகச் சூடு. சோறு தொண்டையில் நிற்கிறது என்றாள், ராத்திரி குறட்டை வேறு. ஊரில் காட்டிய கிளினிக்கில் படுத்த வாகு சரியில்லை, சுளுக்கு என்று வலி மருந்தும் ஒரு காலரும் கொடுத்து அனுப்பினார்கள். எக்ஸ்ரே எடுக்கவில்லை. பக்கவாட்டில் ஒரே ஒரு எக்ஸ்ரே எடுத்திருந்தால் கழுத்தெலும்புக்கு முன்னால் இருக்கும் சதை வீங்கியிருப்பது அன்றைக்கே தெரிந்திருக்கும் என்று பிறகு பெரிய டாக்டர் படத்தைக் காட்டிச் சொன்னார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

இதற்கிடையில் தெருவில் ஆளாளுக்கு ஒரு சுளுக்கு எடுப்பவர் பெயரைச் சொன்னார்கள். எண்ணெய் போட்டு வழித்து ஒரு வெட்டு வெட்டினால் சரியாகிவிடுமாம். அக்கா ஒரே பிடியாக மறுத்துவிட்டாள். அதற்காக இன்றைக்கும் அவளைக் கும்பிடுவேன். உள்ளே எலும்பு கரைந்து நிற்கிற கழுத்தை யாராவது வெட்டித் திருப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே வேண்டாம்.

ஒரு விஷயம் கவனியுங்கள், இது எந்தப் பெற்றோருக்கும் உதவும். பாப்பா படுக்கையிலிருந்து எழும்போது இரண்டு கையாலும் தாடையையும் பின்னந்தலையையும் தாங்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நாங்கள் அதை ஏதோ விளையாட்டு என்று நினைத்தோம். பெரிய ஆஸ்பத்திரியில் ஜூனியர் டாக்டர் அதைப் பார்த்த உடனே பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சீனியரைக் கூப்பிடப் போனார். தலையைத் தாங்க முடியாத கழுத்து என்பதற்கு அது பழைய, நம்பகமான அடையாளமாம். அதே நேரம் இடது கால் செருப்பு நடக்கும்போது அடிக்கடி கழன்று விழுந்துகொண்டிருந்தது. அதையும் அவர்தான் கேட்டார்: "செருப்பு நிக்குதாம்மா கால்ல?" தண்டுவடம் நசுங்க ஆரம்பித்தால் கால் தடுமாறும் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்.

இனி சர்வீஸ். ஸ்கேன் சென்டரிலிருந்து வந்த எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் கட்டியாக இருக்கலாம் அல்லது கிருமித் தொற்றாக இருக்கலாம் என்று இரண்டையும் எழுதியிருந்தார்கள். கட்டி என்ற சொல்லைப் பார்த்ததும் அக்கா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். இந்த இடத்தில்தான் அந்த சர்ஜன் மீது எனக்கு மரியாதை வந்தது. படத்தைத் திரையில் போட்டு, எங்களைப் பக்கத்தில் நிற்கவைத்து, விரலால் காட்டினார். எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் இருக்கும் டிஸ்க் முழுசாக நிற்க, எலும்பு மட்டும் கெட்டிருந்தால் கட்டியாக இருக்க வாய்ப்பு அதிகம், டிஸ்கும் சேர்ந்து போய் இரண்டு எலும்பு ஒட்டி அழுகியிருந்தால் தொற்றாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் காசநோய் சில சமயம் டிஸ்கைக் கடைசி வரை விட்டுவைக்கும், அதனால் படத்தை நம்பி முடிவு எடுக்க மாட்டேன், சதையை எடுத்துப் பார்க்காமல் எந்தப் பெயரும் வைக்க மாட்டேன் என்றார். நாங்கள் இப்போதே ஆபரேஷன் செய்துவிடுங்கள் என்றுதான் அவசரப்பட்டோம். அவர்தான் இருங்கள் என்றார்.

ஊசி வைத்து எடுத்த சீழில் காசநோய் உறுதியானது. ஜீன்எக்ஸ்பர்ட் என்ற பரிசோதனை, கருவிக்குள் போட்டால் 2 மணி நேரத்தில் கிருமியையும் காட்டும், ரிஃபாம்பிசின் என்ற முக்கியமான டி.பி. மருந்துக்கு அது அடங்குமா என்பதையும் காட்டும். கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்ப்பது என்றால் வாரக்கணக்கில் ஆகும், 6 வாரம் வரை போகலாம். இரண்டுக்கும் அனுப்பினார்கள், சாதாரணச் சீழ்க் கிருமிக்கும் தனியாக, கட்டிக்கு பயாப்ஸியும் தனியாக. ஒரே சாம்பிளை நாலாகப் பிரித்து நாலு பாட்டிலில் பெயர் எழுதி அனுப்பியதை நானே நின்று பார்த்தேன். நல்ல இடத்துக்கும் சுமாரான இடத்துக்கும் வித்தியாசம் இங்கேதான் தெரிகிறது. சில இடங்களில் எடுத்த சதை முழுவதையும் கிருமியைக் கொல்லும் ஃபார்மலின் திரவத்தில் போட்டுவிடுவார்களாம், அப்புறம் கல்ச்சர் செய்ய வழியே இல்லை. நீங்கள் போகும் இடத்தில் வாய் திறந்து கேளுங்கள்: "கல்ச்சருக்கும் அனுப்புறீங்களா சார்?"

அடுத்தது, ஆபரேஷன் தேவையா என்ற கேள்வி. இதை நிறையப் பேர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். முதுகெலும்பு டி.பி. என்றாலே கத்தி என்பதில்லை. 1779-லேயே பெர்சிவல் பாட் என்ற லண்டன் சர்ஜன் எழுதிவைத்த நோய் இது, அதனால்தான் இன்னும் பாட்ஸ் ஸ்பைன் என்கிறார்கள். சரியான மருந்து வருவதற்கு முன்னால் என்ன செய்தும் பெரிய பலனில்லை. 1956-ல் ஹாங்காங்கில் ஹாட்ஜ்சன், ஸ்டாக் என்ற இருவர் முன்பக்கமாகத் திறந்து அழுகிய எலும்பை எடுத்துவிட்டுப் புது எலும்பு வைக்கும் முறையை எழுதியபோது உலகம் முழுக்க அதையே செய்யப் பார்த்தார்கள். பிறகு பல நாடுகளில் சோதித்துப் பார்த்ததில், நம்ம சென்னையும் அதில் ஒன்று, பெரும்பாலானவர்களுக்கு மாத்திரையிலேயே சரியாகிறது என்று தெரிந்தது. 1975-ல் நம் நாட்டு எலும்பு டாக்டர் துலி சொன்ன நடுவழிதான் இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிறது: முதலில் மருந்து, தேவைப்பட்டவர்களுக்கு மட்டும் கத்தி. இதெல்லாம் சர்ஜன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரவுண்ட்ஸில் நின்ற வாக்கில் சொன்னதும் அப்புறம் நான் தேடிப் படித்ததும் கலந்தது.

எங்கள் பாப்பாவுக்கு ஏன் தேவைப்பட்டது? நாலாவது ஐந்தாவது கழுத்தெலும்பு இரண்டும் முன்பக்கம் கரைந்து கழுத்து முன்னால் மடிய ஆரம்பித்திருந்தது. தொண்டைக்குப் பின்னால் சீழ் தேங்கி மூச்சுக்குழாயைத் தள்ளியது. கால் தடுமாறியது. மூன்றில் ஒன்று இருந்தாலே யோசிப்போம், இவளுக்கு மூன்றும் இருக்கிறது என்றார். சின்னக் குழந்தைகளுக்குக் கழுத்தில் இந்த நோய் வந்தால் பரந்து பிடிக்கும், சீழும் பெரிதாகக் கட்டும். 10 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஓரிரு எலும்போடு நிற்கும், ஆனால் தண்டுவடத்தை நசுக்குவது அவர்களுக்குத்தான் அதிகம். ஹாங்காங்கில் 40 நோயாளிகளைப் பார்த்து 1984-ல் இதை எழுதியிருக்கிறார்கள். பாப்பா விஷயத்தில் இரண்டுமே நடந்தது. நோய்க்கு வயது வரம்பு தெரியாது போல.

குழந்தை என்பதால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. பெரியவருக்கு நோய் ஆறினால் கூனல் அதோடு பெரும்பாலும் நின்றுவிடும். குழந்தைக்கு நோய் முழுசாக ஆறிய பிறகும், வளர வளரக் கூனல் கூடலாம், தானாகவே குறையவும் செய்யலாம். எந்தக் குழந்தைக்குக் கூடும் என்பதை எக்ஸ்ரேயில் முன்கூட்டியே கண்டுபிடிக்க நாலு அடையாளங்களைச் சொன்னவர் கோயம்புத்தூர் டாக்டர் எஸ். ராஜசேகரன், 2001-ல். 15 வருஷம் குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து எழுதியது. அந்த அடையாளங்கள் நம் படத்தில் இருக்கிறதா என்று நான் கேட்டபோது சர்ஜன் ஒரு நொடி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பதில் சொன்னார், எரிச்சல்படவில்லை. அதற்குத் தனியாக அரை ஸ்டார்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மயக்க மருந்து டாக்டர் வந்து எங்களோடு உட்கார்ந்து பேசினார். ஒரு அம்மா, வயது ஐம்பதுக்கு மேல். குறட்டை எப்போதிலிருந்து, எந்தப் பக்கம் படுத்தால் மூச்சு நன்றாக வருகிறது, பல் ஏதாவது ஆடுகிறதா என்று துருவித் துருவிக் கேட்டார். முன்பல் ஆடியது, அதைக் குறித்துக்கொண்டார். தொண்டையில் சீழ் தள்ளியிருக்கிறது, கழுத்தை அசைக்கவும் கூடாது, அப்படியே குழாய் போட வேண்டும், அதனால் கேமரா உள்ள கருவியால் போடுவோம், முடியாமல் போனால் கழுத்தில் ஓட்டை போட காது மூக்கு தொண்டை டாக்டர் கை கழுவி ரெடியாக நிற்பார் என்று ஒளிக்காமல் சொன்னார். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் பயமுறுத்தவில்லை. "நீங்க என்ன கேட்டாலும் நான் இங்கதான் இருப்பேன் தம்பி" என்று போகும்போது சொன்னார். ஆறு ஸ்டார் இவருக்குத்தான்.

ஆபரேஷனை நான் பார்த்ததில்லை, சொன்னதை எழுதுகிறேன். முன்கழுத்தில் சின்னக் கீறல், மூச்சுக்குழாய் உணவுக்குழாய் ஒரு பக்கம், பெரிய ரத்தக்குழாய் மறுபக்கம், இடையில் இருக்கும் சந்து வழியாக எலும்புக்குப் போகிறார்கள். சீழை எடுத்து, செத்த எலும்பைச் சுரண்டி, இடுப்பெலும்பிலிருந்து ஒரு துண்டு எடுத்து இடைவெளியில் வைத்தார்கள். கழுத்தெலும்பின் இரண்டு பக்க ஓட்டைகள் வழியாக மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் ஓடுகிறது, அதனால் பக்கவாட்டில் ஒரு எல்லைக்கு மேல் போக முடியாது. கை கால் நரம்புக்கு மின் சிக்னல் அனுப்பி, தண்டுவடம் வேலை செய்கிறதா என்று ஆபரேஷன் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்க ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். இந்த வசதி இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். குரல் கொஞ்ச நாள் கரகரப்பாக இருக்கும், விழுங்கும்போது வலிக்கும் என்று முன்னாடியே சொல்லிவிட்டார்கள், அப்படியே இருந்தது, அப்புறம் சரியாகிவிட்டது. கழுத்தை விட இடுப்பில் எலும்பு எடுத்த இடம்தான் அவளுக்கு அதிகம் வலித்தது. இதை மட்டும் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

முன்பக்கமா பின்பக்கமா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். டி.பி. தின்பது பெரும்பாலும் எலும்பின் முன்பகுதியை. பின்பக்கமாகத் திறந்து அங்கே மூடியிருக்கும் எலும்பை மட்டும் எடுத்துவிட்டால் முன்னால் தாங்கலும் இல்லை, பின்னால் பிடிப்பும் இல்லை, கழுத்து இன்னும் மடியும். தண்டுவடத்துக்குள் கட்டி என்றால் பின்பக்கம் திறந்தே ஆக வேண்டும், அப்போதுகூட வளரும் குழந்தைக்கு அந்தப் பின்னெலும்பைத் திரும்பப் பொருத்தப் பார்ப்பார்கள். விட்டுவிட்டால் சில வருஷத்தில் கழுத்து அன்னத்தின் கழுத்து மாதிரி வளைந்துவிடும் அபாயம் இருக்கிறது.

இனி ஹாலோ. இதுதான் நான் நின்று ரசித்த பகுதி என்று சொன்னால் அக்கா அடிக்க வருவாள். எலும்பு சின்னது, ஸ்க்ரூ பிடிமானத்தை நம்ப முடியாது, வைத்த எலும்பு ஒட்டும் வரை கழுத்து அசையக் கூடாது என்று தலையைச் சுற்றி ஒரு வளையம், அதிலிருந்து நாலு கம்பி, கீழே மார்புக்கு ஒரு ஜாக்கெட். 1959-ல் கலிஃபோர்னியாவில் பெர்ரி, நிக்கல் என்ற இரண்டு டாக்டர்கள் போலியோவில் கழுத்துத் தசை செயலிழந்தவர்களுக்காகக் கொண்டுவந்தது. வளையத்தை மண்டையோட்டில் பிடிக்க பின்கள். பெரியவர்களுக்கு 4 பின் போதும். குழந்தை மண்டையோடு மெல்லிசு, அதனால் 6 முதல் 10 பின் வரை போட்டு ஒவ்வொன்றையும் குறைவாக முறுக்குவார்கள். அதற்கு முன்னாடி தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுத்து எங்கே எலும்பு தடிமனாக இருக்கிறது என்று பார்த்தார்கள். எல்லாம் மயக்கத்தில் செய்வதுதான், ஆனால் இரண்டு நாள் கழித்து வார்டில் ஒரு முறை முறுக்கம் சரிபார்த்தார்கள், அப்போது பார்த்தேன். டார்க் ரென்ச்! சின்ன சைஸ், எவ்வளவு பலமாக முறுக்குகிறோம் என்ற அளவைக் காட்டுகிறது. நாங்கள் சிலிண்டர் ஹெட் போல்ட்டை எதிரெதிராக மாற்றி மாற்றி முறுக்குவது போலவே எதிரெதிர்ப் பின்னைத்தான் சரிபார்த்தார்கள். கைப்பழக்கத்தில் முறுக்காமல் அளவு பார்த்து முறுக்குகிற ஆள் என்றால் எனக்கு வேறு சர்டிஃபிகேட் வேண்டாம்.

அதே ரென்ச் சைஸுக்கு ஒரு ஸ்பேனரை ஜாக்கெட்டின் முன்பக்கம் டேப் போட்டு ஒட்டியே வீட்டுக்கு அனுப்பினார்கள். அவசரத்தில் நெஞ்சை அழுத்த வேண்டி வந்தால் ஜாக்கெட்டை உடனே திறக்க அது வேண்டும். அதைக் கழற்றிப் பத்திரமாக அலமாரியில் வைத்துவிடாதீர்கள், ஒட்டிய இடத்திலேயே இருக்கட்டும். அதேபோல், குழந்தையைத் தூக்கும்போது அந்தக் கம்பியைப் பிடித்துத் தூக்கவே கூடாது. பார்க்க வருகிற சொந்தக்காரர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான்.

நடைமுறைக் கஷ்டம் என்றால் வெயில். ஜாக்கெட்டின் உட்புறம் கம்பளி, தேனி வெயிலில் வேர்த்துக் கொட்டும். பவுடர் போடக் கூடாது, கட்டியாகிப் புண்ணாக்கும். ஈரத் துணியை உள்ளே விட்டு இழுத்துத் துடைத்து, ஹேர் டிரையரைக் குளிர்ந்த காற்றில் வைத்து உலர்த்தினோம். சட்டை எதுவும் தலை வழியாகப் போகாது, தெருவில் தையல்காரர் முன்பக்கம் முழுக்கத் திறக்கிற மாதிரி வெல்க்ரோ வைத்துத் தைத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் முதலில் பயந்தார்கள், அப்புறம் ரோபோ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள், பாப்பாவுக்கு அதில் பெருமைதான்.

குறைகள் இங்கேதான் ஆரம்பிக்கின்றன. பின் போட்ட இடத்தை எப்படிச் சுத்தம் செய்வது என்று காலை ஷிஃப்ட் சிஸ்டர் ஒன்று சொன்னார், ராத்திரி ஷிஃப்ட் வேறு சொன்னார், டிஸ்சார்ஜ் தாளில் இரண்டும் இல்லை, பின் கேர் என்று ஒரே வரி. இவ்வளவு பெரிய ஆபரேஷனைச் செய்த இடத்தில் தமிழில் ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுக்க முடியாதா? வீட்டுக்கு வந்த பிறகு ஒரு பின் சுற்றிலும் சிவந்து, அவள் திரும்பினால் கடக் என்று சத்தம் வந்தது. பின் தளர்ந்தால் அப்படித்தான் கேட்கும். கொடுத்த எண்ணுக்கு அடித்தால் பதிவு செய்த ஐ.வி.ஆர். குரல், அடுத்து மணி, அடுத்து கட். கடைசியில் வார்டு சிஸ்டர் ஒருவர் தன் சொந்த நம்பரைக் கொடுத்திருந்தது காப்பாற்றியது. கிளம்பி வரச் சொன்னார், மறுநாளே டாக்டர் பார்த்து அந்தப் பின்னை எடுத்துவிட்டுப் பக்கத்தில் வேறு போட்டார், ஆன்டிபயாடிக் கொடுத்தார், ஆறிவிட்டது. அந்த சிஸ்டருக்காகத்தான் வார்டுக்கு நாலு. ஒருவரின் நல்ல மனசு சிஸ்டம் ஆகாது.

இன்சூரன்ஸ் டெஸ்க் தனிக் கதை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தது, ஆண்டு வருமானம் 1.20 லட்சத்துக்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. ஆபரேஷனுக்கு அனுமதி வாங்கித் தந்தார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஹாலோவுக்குக் கைக்காசு கட்ட வேண்டும் என்பதை தியேட்டருக்குப் போகிற அன்றைக்குக் காலையில் சொன்னார்கள். முந்தின வாரமே சொல்லியிருந்தால் நகையை நிதானமாக அடகு வைத்திருப்போம். டிஸ்சார்ஜ் அன்று காலையில் டாக்டர் போகலாம் என்றார், கையில் தாள் வந்தபோது இருட்டிவிட்டது. கம்பி மாட்டிய குழந்தையோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் இடத்தில் அப்படி என்ன பஞ்சாயத்து நடக்கிறது உள்ளே என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

வார்டில் பக்கத்துப் படுக்கைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், கட்டி என்று ரிப்போர்ட் வந்தவர்கள் இதைப் படிக்கலாம். ஒரு பையனுக்குக் கழுத்தெலும்பு ஒன்று அப்பளம் போல நசுங்கியிருந்தது. பார்த்தால் புற்று என்று பயம் வரும். பயாப்ஸியில் லாங்கர்ஹான்ஸ் செல் நோய் என்று வந்தது. குழந்தைகளுக்கு ஒரே எலும்பில் வந்து, நரம்பையும் அழுத்தவில்லை என்றால் பெரும்பாலும் காலரும் கண்காணிப்புமே போதும், நசுங்கிய எலும்பு வருஷக்கணக்கில் ஓரளவு உயரமும் பெறும் என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டார்கள். அந்த அப்பா ஆபரேஷன் இல்லையா என்று திரும்பத் திரும்பக் கேட்டார், நம்ப முடியவில்லை அவருக்கு. இன்னொரு பெண் பிள்ளைக்கு ரத்தம் நிரம்பிய எலும்புக் கட்டி, அனூரிஸ்மல் போன் சிஸ்ட் என்று பெயர். அது புற்று இல்லை, ஆனால் எலும்பை ஊதிப் பெரிதாக்கும், திறந்தால் ரத்தம் கொட்டும். அதனால் முதலில் தொடை வழியாகக் குழாய் விட்டு, கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயை அடைத்துவிட்டு, அதற்கப்புறம்தான் ஆபரேஷன். அப்படி அடைக்க ரேடியாலஜி ஆள் உள்ளே இல்லாத ஆஸ்பத்திரியில் இந்தக் கட்டியைத் தொடவிடாதீர்கள். ராத்திரி மட்டும் கழுத்து வலி, சாதாரண வலி மாத்திரையில் சட்டென்று குறைகிறது, கழுத்தும் கோணியிருக்கிறது என்றால் ஆஸ்டியாய்ட் ஆஸ்டியோமா என்ற குட்டிக் கட்டியாக இருக்கலாம் என்றும் அங்கே கேள்விப்பட்டேன்.

ஒரே ஆஸ்பத்திரி, ஒரே வார்டு, ஒருவனுக்குக் காலர், ஒருத்திக்கு முதலில் குழாய், எங்களுக்குக் கத்தி. ஆபரேஷன் செய்தால்தான் அவர்களுக்கு வருமானம், அப்படியிருந்தும் வேண்டாம் என்று ஒருவரை அனுப்பிய இடம் என்பதால்தான் வேண்டும் என்று எங்களிடம் சொன்னதை நம்பினோம்.

மருந்து விஷயம் அரசு பக்கம். தனியார் ஆஸ்பத்திரி டி.பி. கண்டுபிடித்தால் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், 2012-லிருந்து கட்டாயம். தெரிவித்தார்கள், எங்கள் ஊர் சுகாதார நிலையத்திலிருந்தே ஆள் தேடி வந்தார். மாத்திரை இலவசம், எடை பார்த்து டோஸ். முதல் 2 மாதம் நாலு மருந்து, அப்புறம் மூன்று மருந்து, எலும்பு டி.பி. என்பதால் மொத்தம் 12 மாதம், டாக்டர் சொன்னால் கூடலாம். எடை கூடினால் டோஸும் மாறும், ஒவ்வொரு முறையும் எடை போடச் சொல்லிக் கேளுங்கள், சில நேரம் மறந்துவிடுகிறார்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், அது மருந்தின் நிறம்தான், முதல் நாள் அக்கா ரத்தம் என்று அலறிவிட்டாள். சத்துணவுக்கு மாதம் 500 ரூபாயாக இருந்ததை 2024 நவம்பரிலிருந்து 1,000 ஆக்கியிருக்கிறார்கள், வங்கிக் கணக்கில் வரும். எங்களுக்குத் தாமதமாகத்தான் வந்தது, ஆனால் வந்தது. வீட்டில் எல்லோருக்கும் பரிசோதனை செய்தார்கள். கழுத்தெலும்பில் இருக்கும் டி.பி. பக்கத்தில் உட்கார்ந்தால் ஒட்டாது, நுரையீரலில் இருமலோடு இருந்தால்தான் பரவும். இதைத் தெருவில் விளக்கிச் சொல்ல எனக்குத்தான் தொண்டை வறண்டது, தட்டைத் தனியாக வைத்தவர்களும் உண்டு.

இப்போது ஹாலோ கழற்றியாயிற்று. எலும்பு ஒட்டியிருக்கிறது, செருப்பு காலில் நிற்கிறது. கழுத்தைத் திருப்புவது கொஞ்சம் குறைவு, வெளியில் பார்த்தால் தெரியாது. தலை திரும்புவதில் ஏறக்குறைய பாதி மேலே இருக்கும் முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவில் நடக்கிறது, அது தப்பியதால்தான். வளர்ந்து முடிக்கும் வரை வருஷா வருஷம் எக்ஸ்ரேக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அதை விடாதீர்கள், ஆபரேஷன் நன்றாக முடிந்துவிட்டது என்று நடுவில் நிறுத்தியவர்களைத்தான் கூனலோடு திரும்பப் பார்க்கிறோம் என்று சர்ஜன் சொன்னார்.

இந்த மாதிரி இடத்துக்குப் போவதாக இருந்தால், எங்கள் அனுபவத்தில் சில சின்ன விஷயம். எம்.ஆர்.ஐ. படம் பதிந்த சி.டி. தட்டை மட்டும் நம்பாமல் ஃபிலிமையும் கையோடு எடுத்துப் போங்கள், எங்கள் சி.டி. அவர்கள் கம்ப்யூட்டரில் திறக்கவே இல்லை. ஓ.பி. சீட்டுக்கு விடியற்காலையிலேயே வரிசை. கேன்டீனில் இட்லி சாப்பிடலாம், சாம்பார் வேண்டாம். குழந்தைகள் ஐ.சி.யூ.வில் ஒருவரைத்தான் விடுவார்கள், ராத்திரி மற்றவர் வராந்தாவில்தான், அதனால் ஒரு பாயும் கொசுவர்த்தியும் வைத்துக்கொள்ளுங்கள். எதிர்த் தெருவில் லாட்ஜ் இருக்கிறது, ஆஸ்பத்திரி அட்டையைக் காட்டினால் வாடகையைக் குறைக்கிறார்கள், அதைக் கேட்டு வாங்க வேண்டும், அவர்களாகச் சொல்வதில்லை.